டவர் பூட்டின பிறகு டேக் ஆஃப்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

ரீஜனல் ஜெட் துணை விமானி, அமெரிக்கா:

ஏர்போர்ட்டின் கட்டுப்பாட்டு டவரில் ஆளே இல்லாமல் பயணிகள் விமானம் எப்படிக் கிளம்பும் என்று கேட்பவர்கள் நிறைய. இங்கே சின்ன ஊர்களில் பல டவர்களுக்கு ராத்திரி டியூட்டி கிடையாது. டவர்தான் மூடும், ஏர்போர்ட் மூடாது. கடைசி ஃப்ளைட் லேட் ஆனால் டவர் இல்லாமலேயே கிளம்ப வேண்டியதுதான். அதுவரை டவருக்கென்று இருந்த அலைவரிசை அதன்பின் எல்லாருக்கும் பொது. எங்கே இருக்கிறோம், எந்த ரன்வேயில் ஏறப்போகிறோம் என்று நாமே அறிவித்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்கு இப்படி இயக்க முன்கூட்டியே அனுமதி இருக்கும், அது தனிக்கதை.

ஒரு ராத்திரி இடி மழையால் லேட். கதவு மூடியாச்சு. சென்டரை, அதாவது ஒரு பெரிய பகுதியின் வான்வழியைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் மையத்தை, ரேடியோவில் கூப்பிட்டால் தரையிலிருந்து எட்டவில்லை. கேப்டன் ஹெட்செட்டில் ஒரு காதை மட்டும் விலக்கி, அந்த இடுக்கில் போனைச் செருகிக்கொண்டு கிளியரன்ஸை (போகும் வழிக்கான அனுமதியை) டிஸ்பாட்ச் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதினார். கடைசியில் சென்டர்காரர் சொன்னது: "ஹோல்ட் ஃபார் ரிலீஸ்." நாங்கள் விடுவிக்கும்வரை கிளம்பாதே என்று அர்த்தம்.

எங்களுக்கு முன்னால் கேரவன் என்ற சின்ன சரக்கு விமானம் ஒன்று வந்து இறங்கியிருந்தது. இறங்கியவர் ஐ.எஃப்.ஆர். (கட்டுப்பாட்டாளரின் அனுமதியோடு கருவிகளைப் பார்த்துப் பறக்கும் முறை) திட்டத்தை முடித்துக்கொண்டதாகச் சொல்லாமலேயே இன்ஜினை அணைத்துவிட்டார். சென்டர் கணக்கில் அவர் இன்னும் வானத்தில்தான் இருக்கிறார்! பொது அலைவரிசையில் கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. ரேடியோவையும் அணைத்திருப்பார். கடைசியில் விமானம் நிற்கும் ராம்பில் வேலை பார்க்கும் எங்கள் பையன், விமானத்தை இழுக்கும் டக் வண்டியை எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிப் போய், அட்டைப்பெட்டி இறக்கிக்கொண்டிருந்த அந்த விமானியைக் கண்டுபிடித்தான். மனிதர் அங்கேயே நின்று சென்டருக்கு போன் போட்டார். அடுத்த நிமிஷமே எங்களுக்கு ரிலீஸ்.

ரன்வே விளக்கும் நம் கையில்தான். மைக் பட்டனை 5 விநாடிக்குள் 7 தடவை அழுத்தினால் முழு வெளிச்சம், 5 என்றால் நடுத்தரம், 3 என்றால் மங்கல். 15 நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். அதனால் முன்பே எரிந்துகொண்டிருந்தாலும் ரன்வேயில் ஏறும் முன் இன்னொரு தடவை அழுத்துவேன். பாதி ஓட்டத்தில் இருட்டினால் யாரைக் கேட்பது?

சென்டரில் வேலை பார்ப்பவர்:

தம்பி, அந்த ராம்ப் பையனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தீர்களா?

எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். சின்ன ஏர்போர்ட் பலவற்றின் மேல் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே ரேடாரில் எதுவும் தெரியாது. அதனால் ஐ.எஃப்.ஆரில் ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவருக்குக் கதவு மூடிவிடும். இறங்கியவர் "இறங்கிட்டேன், முடிச்சுக்கோங்க" என்று சொன்னால்தான் திறப்போம். டவர் இல்லாத நேரத்தில் கட்டுப்பாடு தளரும் என்று வெளியில் நினைக்கிறார்கள். எங்கள் வேலையில் அப்போதுதான் இறுகும்.

ரிலீஸ் கொடுக்கும்போது இப்போது மணி என்ன, எத்தனை மணிக்குள் தரையை விட்டுக் கிளம்பவில்லை என்றால் செல்லாது என்று இரண்டையும் சொல்வோம். கிளம்ப முடியாமல் போனால் அந்த நேரத்திலிருந்து 30 நிமிஷத்துக்குள் எங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை அந்த நேரம் தாண்டியும் ஒரு ஜெட் ரேடாரில் ஏறவே இல்லை. கிளம்பிவிட்டதா, எங்காவது விழுந்துவிட்டதா, தரையிலேயே நிற்கிறதா, ஒன்றும் தெரியாது. அதே ஏர்போர்ட்டுக்கு வந்த இன்னொரு விமானத்தைச் சுற்றவிட்டு வைத்திருந்தேன். பிறகு போன் வந்தது: பயணி ஒருவருக்கு மயக்கம், கேட்டுக்குத் திரும்பிவிட்டோம் என்று. பயணியைக் கவனித்தது சரிதான். சுற்றிக்கொண்டிருந்தவரின் எரிபொருளையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.

இன்னொன்று. "டேக் ஆஃப் அனுமதி" என்று நாங்கள் சொல்வதே இல்லை, ரிலீஸ் மட்டும்தான். ரன்வே காலியா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

இந்தியாவிலிருந்து ஒருவர்:

இங்கே இந்த வழக்கம் இல்லை அண்ணா. ஏ.டி.சி. வாட்ச் அவர்ஸ் (விமானக் கட்டுப்பாட்டாளர்களின் பணி நேரம்) முடியப்போகிறது, விமானம் லேட் என்றால் எக்ஸ்டென்ஷன் கேட்டு வாங்குவார்கள். கிடைக்கவில்லை என்றால் விமானம் ராத்திரி அங்கேயேதான் தங்கும்.

பனிப் பிரதேசத்து விமானி:

எங்களுக்கு பனி தள்ளுகிற லாரிதான் பெரிய விஷயம். ஓட்டுநரும் அதே பொது அலைவரிசையில்தான் இருப்பார். ஒரு தடவை "ரன்வே விட்டு வெளியே வந்தாச்சு" என்றார். நாங்கள் ஏறப்போகும் நேரத்தில் கேப்டன் கேட்டார்: "நீங்க மட்டுமா, எல்லா வண்டியுமா?" இரண்டு விநாடி சத்தமே இல்லை. "இன்னொருத்தர் அந்தக் கோடியில இருக்கார் சார்." அந்த இன்னொருத்தர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

பழைய பறப்புப் பயிற்சியாளர்:

"நீங்க மட்டுமா" என்ற கேள்வியை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு குவின்சி ஏர்போர்ட் விபத்து ஒன்று போதும். 1996 நவம்பர் 19, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம். அங்கே டவரே கிடையாது. இறங்கிக்கொண்டிருந்த யுனைடெட் எக்ஸ்பிரஸின் பீச் 1900 பயணிகள் விமானம், குறுக்கு ரன்வேயில் நின்ற கிங் ஏர் என்ற சின்ன விமானத்திடம் "கிளம்புறீங்களா, நிக்கிறீங்களா" என்று கேட்டது. பதில் சொன்னது கிங் ஏருக்குப் பின்னால் நின்ற செரோக்கி என்ற இன்னொரு சின்ன விமானம், தான் நிற்பதாக. அதே நொடியில் பீச் காக்பிட்டில் உயர எச்சரிக்கைக் குரல் ஒலித்ததில் பதில் முழுதாகக் கேட்கவில்லை. கிங் ஏர்தான் நிற்பதாகச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். கிங் ஏர் கிளம்பிவிட்டது. ரன்வேக்கள் சந்திக்கும் இடத்தில் மோதல். பீச் விமானத்தில் இருந்தவர்கள் மோதலில் பிழைத்தும் கதவு இறுகி, தீயில் போனார்கள். இரண்டு விமானத்திலும் சேர்த்து 14 பேர்.

டவர் திறந்திருந்தும் ஆள் பேசாத கதையும் உண்டு. 2011 மார்ச் 23 நள்ளிரவு தாண்டி, வாஷிங்டன் ரீகன் ஏர்போர்ட்டில் தனியாக இருந்த சூப்பர்வைசர் தூங்கிவிட்டார். இரண்டு பயணிகள் விமானங்கள் அவர் பதில் இல்லாமலேயே தாங்களாக அறிவித்துக்கொண்டு இறங்கின.

துணை விமானி மறுபடியும்:

சென்டர் சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சென்டர் ரிலீஸ் கொடுத்தால் நம்மைத் தவிர வேறு ஐ.எஃப்.ஆர். விமானம் கிடையாது, அவ்வளவுதான். வி.எஃப்.ஆரில், அதாவது வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கிற ஒருவர் யாரிடமும் பேசாமல் வந்து இறங்கலாம். அந்த நேரத்தில் பல இடங்களில் ரேடியோ இருக்க வேண்டும் என்றுகூட சட்டம் இல்லை. அதனால் என்னுடன் பறக்கிற ஒரு கேப்டன் ரன்வேக்குள் நேராக ஏற மாட்டார். முதலில் மூக்கை இறங்கு பாதைப் பக்கம் கொஞ்சம் திருப்பி, லேண்டிங் விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு, "உன் பக்கம் பாரு, என் பக்கம் பார்க்கிறேன்" என்பார். மெனக்கெடாதவர்களோடும் பறந்திருக்கிறேன். அப்போது "பார்த்துட்டீங்களா" என்று நானே கேட்டுவிடுவேன்.

காபி வாங்கிக் கொடுத்தோம் சார். டோனட்டும்.