நான்கு ஹார்ட் டிஸ்க்கில் செத்தது எது?

ஜெலுத்தோங் படக்காரன்:
வணக்கம். வீட்டில் லினக்ஸ் போட்ட பழைய கணினியில் 4 டெராபைட் டிஸ்க் நான்கை ரெய்டு 5 ஆக, அதாவது ஒன்று செத்தாலும் தரவு தப்பும்படி ஒரே தொகுப்பாக, கட்டியிருக்கிறேன். நான்கும் ஒரே மாடல். தண்ணீர்மலைத் தைப்பூசப் படங்கள், காவடியிலிருந்து வெள்ளி ரதம் வரை, எல்லாம் அதில்தான். நேற்று இடி மழையில் மின்சாரம் போய் வந்தது. இப்போது ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் 'எஸ்டிசி' என்ற டிஸ்க்கின் பக்கத்தில், பழுது என்று பொருள்படும் 'எஃப்' இருக்கிறது. படங்கள் இன்னும் திறக்கின்றன. டிஸ்க்குகளுக்குத் தனி விளக்கு கிடையாது. ஏ, பி, சி என்று மேலிருந்து எண்ணி மூன்றாவதைக் கழற்றலாமா?

செந்தூல்வாசி:
கணினியை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றித் தொடங்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
செந்தூல் தம்பி, மனிதரை வம்பில் மாட்டிவிடாதீர்கள். ஒன்று ஏற்கெனவே போயிருக்கிறது. நல்லதையும் கழற்றினால் ரெய்டு 5 எழுந்திருக்காது.

படக்கார அண்ணா, 'எஸ்டிசி'யின் அந்தக் கடைசி எழுத்து, கணினி டிஸ்க்கைக் கண்டுகொண்ட வரிசையில் வைக்கும் பெயர். அடுத்த முறை தொடங்கும்போது மாறிவிடலாம். மாறாதது சீரியல் எண்தான். அணைக்கும் முன்பே 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் பெயரையும் சீரியலையும் கேளுங்கள். செத்தது வாய் திறக்காமல் போகலாம், பரவாயில்லை. மற்ற மூன்றின் எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அணைத்து, லேபிள்களைப் பாருங்கள். காகிதத்தில் இல்லாத எண் எதுவோ, அதுதான் ஆள்.

இடிக்குப் பிறகு விழுந்ததால் எனக்குக் கேபிள் மீதும் ஒரு கண். டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கை வந்தால், 199ஆம் வரியின் சிஆர்சி பிழை (தரவு வரும் வழியில் கெடுவது) மட்டும் ஏறி, டிஸ்க்கின் கெட்ட பகுதிகளை எண்ணும் 5, 197 இரண்டு வரிகளும் பூஜ்யமாக இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். 197 ஏறியிருந்தால் டிஸ்க்கை நம்பாதீர்கள்.

எதைத் தொடும் முன்பும் படங்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். புது டிஸ்க் போட்டதும் மீதி மூன்றும் முழுக்க வாசிக்கப்படும். இந்த அளவுக்கு ஏழெட்டு மணி நேரமாவது ஓடும். நடுவில் இன்னொன்று படுத்தால் ரெய்டு கைவிரித்துவிடும்.

செந்தூல்வாசி:
சரி அக்கா, என் யோசனையை விட்டுவிடலாம். ஆனால் புதிதாக வாங்கும்போது, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை வேண்டாம். மறுகட்டமைப்பில் ஆமையாகிவிடும்.

ஜெலுத்தோங் படக்காரன்:
நகல் எடுத்தாயிற்று. 199 பூஜ்யம், 197 நூற்றைத் தாண்டியிருக்கிறது, ஆக, டிஸ்க்தான். லேபிள்படி அது மேலிருந்து இரண்டாவது தட்டு! நான்கின் முன்விளிம்பிலும் சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி ஒட்டிவிட்டேன். கொம்தார் பக்கக் கடையில் எஸ்எம்ஆரா என்று கேட்டால் கடைக்காரர் விழிக்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
மாடல் எண்ணை முழுதாகக் குறித்து, தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். எஸ்எம்ஆர் என்று சொல்லாமல் விற்றதாக 2020இல் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு பெரிய தயாரிப்பாளர்கள் அந்த விவரத்தை வெளியிட்டிருக்கிறார்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகை என்று இருந்தால் வாங்கலாம். கொள்ளளவு பழையதைவிடக் குறையக் கூடாது.