மார்க்லின் மூணு தண்டவாள இன்ஜினை ரெண்டு தண்டவாள டிசிசி லேஅவுட்ல ஓட்ட முடியுமா?

ஸ்டுட்கார்ட்_ரயில்:
வணக்கம். நான் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கேன், ரெண்டு வருஷமா எச்ஓ ஸ்கேல்ல (நிஜ ரயில்ல 87ல ஒரு பங்கு அளவு) சின்னதா ஒரு மாடல் ரயில் லேஅவுட் ஓட்டிட்டு இருக்கேன், ரோகோ கம்பெனி தண்டவாளம், டிசிசி கன்ட்ரோல், அதாவது தண்டவாளம் வழியாவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் டிஜிட்டல் கட்டளை போகும். போன மாசம் எங்க வீட்டு ஓனர் தாத்தா மேல் மாடியை ஒழிச்சப்ப "நீதான் ரயில் ஓட்டுறியே, வச்சுக்கோ"ன்னு மார்க்லின் கம்பெனியோட பழைய மாடல் இன்ஜின் ஒண்ணு, நம்பர் 3021, அந்த சிவப்பு வி 200 டீசல் இன்ஜினைக் கையில குடுத்துட்டார். சின்னப் பையனா இருந்தப்ப அவருக்குக் கிறிஸ்மஸுக்கு வந்ததாம். நல்ல கனம். ஆசை ஆசையா என் தண்டவாளத்துல வச்சேன், வச்ச நொடியே கன்ட்ரோலர் ஷார்ட்னு காட்டி எல்லா வண்டியும் நின்னுடுச்சு. திருப்பிப் பார்த்தா அடியில நடுவுல நீளமா ஒரு தகடு தொங்குது. அதைக் கழட்டிட்டா ஓடுமா? இல்ல டீகோடர் (டிசிசி கட்டளையைப் படிச்சு மோட்டாரை ஓட்டற சின்ன சர்க்யூட்) ஒண்ணு போட்டா போதுமா? சால்டரிங் ஓரளவு வரும்.

நடுத்தண்டவாளம்:
தம்பி, தகட்டைக் கழட்டினா ஓடாது. அது பேரு ஸ்லைடர், கரண்ட் எடுக்கறதே அதுதான். மார்க்லின் தண்டவாளத்துல கட்டைக்கு நடுவுல சின்னச் சின்னதா உலோகப் புள்ளி துருத்திட்டு நிக்கும், அது ஒரு முனை, ரெண்டு பக்கத் தண்டவாளமும் சேர்ந்து இன்னொரு முனை. ரெண்டு பக்கமும் ஒரே முனைங்கறதால சக்கரத்தை இன்சுலேட் பண்ண வேண்டிய அவசியமே அவங்களுக்கு வரல. மல்டிமீட்டரை பீப்ல வச்சு இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் தொட்டுப் பாரு, கத்தும். உன் லேஅவுட்ல இடதும் வலதும் எதிர் எதிர் முனை, அதுக்குக் குறுக்கால ஒரு இரும்புக் கம்பியைப் போட்ட கதைதான் நடந்திருக்கு.

அடுத்து மோட்டார். உள்ள காந்தம் கிடையாது, ஃபீல்டு காயில்தான். 16 வோல்ட் ஏசில ஓடும், திசை மாத்தணும்னா 24 வோல்ட் ஒரு தட்டு தட்டணும், உள்ள இருக்கற ரிலே டக்குன்னு மாறும். இது சரி பண்ணக்கூடிய விஷயம். காயிலை எடுத்துட்டு நிரந்தரக் காந்தம் வச்சா டிசி மோட்டார் ஆயிடும், அப்புறம் சாதாரண டீகோடர் போடலாம். காந்தம் வாங்கறதுக்கு முன்னாடி மோட்டாரைத் திறந்து கம்யூடேட்டர் (பிரஷ் உரசற செம்புப் பகுதி) தட்டையா இருக்கா டிரம் மாதிரி இருக்கான்னு பாத்துக்கோ, ஆர்மேச்சர் (உள்ள சுத்தற பகுதி) குறுக்களவையும் அளந்துக்கோ, காந்தம் அதுக்குத் தகுந்த மாதிரி மாறும்.

உண்மையான தலைவலி சக்கரம்தான். ஓட்டுற சக்கரத்தோட முதுகுலயே பல்லும் சேர்ந்து இருக்கும், அதனால அச்சுல இருந்து உருவி பிளாஸ்டிக் புஷ் போட்டு மறுபடி நேரா ஏத்தறது வீட்டுல செய்யற வேலை இல்ல. விளிம்பும் ஆழம், ரோகோ தண்டவாளம் 2.1 மில்லி உயரம்தான், கட்டையில தண்டவாளத்தைப் பிடிச்சிருக்கற கொக்கி மேல கடகடன்னு ஏறிப் போகும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உள் பக்கத்துக்கு உள் பக்கம் மார்க்லின் சுமார் 14 மில்லி, உன்னோடது 14.3க்கு மேல, பாயின்ட்ஸ்ல (தடம் பிரியற இடத்துல) தடுக்கும். அந்த இன்ஜினை வெட்டாதேன்னுதான் நான் சொல்வேன்.

கோப்லென்ஸ்_குமார்:
தலைகீழா, அதாவது ரெண்டு தண்டவாள இன்ஜினை மூணு தண்டவாளத்துக்கு மாத்தறது ரொம்ப சுலபம் ப்ரோ, நான் அப்படித்தான் பண்ணேன். ரெண்டு தண்டவாள டிஜிட்டல் இன்ஜின்ல எட்டு பின் ப்ளக் இருக்கும், சிவப்பு ஒரு பக்கத் தண்டவாளம், கறுப்பு இன்னொரு பக்கம். நான் ரெண்டு பக்கச் சக்கர வயரையும் ஒண்ணாக் கட்டி கறுப்புல குடுத்தேன், சிவப்பை ஸ்லைடருக்கு இழுத்தேன், மோட்டார் பக்கம் கையே வைக்கல. ஸ்லைடர் சேஸிஸ்ல படாம அடியில ஒரு பிளாஸ்டிக் துண்டு ஒட்டுனதுதான் நேரம் பிடிச்சது. கொஞ்ச நாள் கழிச்சு பாயின்ட்ஸ்ல தடம் புரள ஆரம்பிச்சதும் சக்கர செட்டை ஏசிக்குன்னு (மூணு தண்டவாளத்துக்குன்னு) வர்றதா மாத்திட்டேன். ரொம்பக் குட்டி இன்ஜின்ல மட்டும் ஸ்லைடருக்கு இடமே இருக்காது.

ஸ்டுட்கார்ட் ப்ரோ, உங்களுக்கு ரெண்டு தண்டவாளத்துல வி 200 ஓடணும்ங்கறதுதான் ஆசைன்னா அந்தக் காலத்துலயே மார்க்லின் ஹாமோங்கற பேர்ல ரெண்டு தண்டவாள இன்ஜின் வித்தாங்க, இப்ப அந்த வேலையை ட்ரிக்ஸ் பாக்குது. அப்படி ஒண்ணு தேடி வாங்கறது மாத்தற செலவை விடக் குறைவா வரும்.

பழைய_மின்வாரியம்:
ஒண்ணு சொல்லிடறேன், தாத்தா ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் குடுத்திருந்தா அதைத் தொடாதீங்க. பழசெல்லாம் 220 வோல்ட்டுக்குச் செஞ்சது, இப்ப சுவத்துல 230 வருது, அதனால ஒவ்வொரு அளவும் கொஞ்சம் ஏறி நிக்கும், திசை மாத்தற தட்டும் 24ஐத் தாண்டிடும். அந்த மாதிரி ஒண்ணுல புதுசா போட்ட டீகோடர் எனக்கு ஒரே தட்டுல போச்சு, மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடியே கருகின வாடை. டீகோடர் போட்ட வண்டியை அந்தப் பெட்டி பக்கம் கொண்டு போகவே கூடாது.

ஸ்டுட்கார்ட்_ரயில்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா சொன்ன மாதிரி மீட்டர் வச்சேன், எந்தச் சக்கரத்தைத் தொட்டாலும் பீப். அதனால சக்கரத்துல கை வைக்கப் போறதில்ல. ஷெல்ஃப் மேல மார்க்லின் சி தண்டவாளத்துல ஒரு ஓவல் போடலாம்னு இருக்கேன், மோட்டார்ல காந்தம், உள்ள டிசிசி டீகோடர். என் கன்ட்ரோலர்ல இருந்தே ஒரு வயரை நடுப்புள்ளிக்கும் இன்னொண்ணை ரெண்டு பக்கத் தண்டவாளத்துக்கும் குடுத்தா ஓடும்தானே?

நடுத்தண்டவாளம்:
தாராளமா ஓடும், டிசிசிக்கு எந்தப் பக்கம் பிளஸ்னு பிரச்சினையே கிடையாது. ரெண்டு லேஅவுட்டும் ஒரே கன்ட்ரோலர்ல இருக்கலாம், தண்டவாளம் மட்டும் எங்கயும் ஒண்ணோட ஒண்ணு சேரக் கூடாது. இன்னொரு லாபம், மூணு தண்டவாளத்துல வண்டி சுத்தித் திரும்பி வர்ற லூப் போட்டாலும் ஷார்ட் ஆகாது, உன் பெரிய லேஅவுட்ல அதுக்குத் தனிக் கருவி வேணும். அனலாக் (டிஜிட்டல் இல்லாத பழைய முறை) கனெக்ஷன் தண்டவாளத் துண்டு வாங்கினா அதுல இருக்கற கப்பாசிட்டரைக் கழட்டிடு, இல்லன்னா டிஜிட்டல் சிக்னல் கெட்டுடும்.

முக்கியமா ஒண்ணு. பழைய மோட்டார்ல ஒரு பிரஷ்ஷோட (கம்யூடேட்டருக்குக் கரண்ட் குடுக்கற துண்டு) வயர் நேரா சேஸிஸ்ல பிடிச்சிருக்கும். அதை அவுத்து விட்டுட்டு, ரெண்டு பிரஷ்ஷுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல பீப் வரலைன்னு பாத்துக்கிட்டு, அதுக்கப்புறம்தான் டீகோடர்ல மோட்டாருக்குப் போற ஆரஞ்சு வயரையும் சாம்பல் வயரையும் பிரஷ்ஷுல சால்டர் பண்ணு. ஆர்மேச்சரை வெளிய எடுத்தா கம்யூடேட்டர் பள்ளத்துல கறுப்பா கார்பன் பொடியும் எண்ணெயும் கெட்டியா அடைஞ்சு கிடக்கும், பல்குச்சியால நோண்டி எடுத்துடு. தாங்குற இடத்துல ஒரு சொட்டு எண்ணெய் போதும்.