மலேசியாவில் பாதியில் பதவியை விட்ட ஒய்பிகள் (எம்பிகள், சட்டமன்ற உறுப்பினர்கள்): நீங்கள் கண்டது என்ன?

சுங்கை பட்டாணிக்காரன்
2009 புக்கிட் செலம்பாவ் சட்டமன்றத் தொகுதிக் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். முந்தின வருஷம் சுயேச்சையாக ஜெயித்து, அன்வார் இப்ராஹிமின் கெஅடிலான் கட்சியில் சேர்ந்து, கெடா மாநில ஆட்சிக்குழுவிலும் உட்கார்ந்த வி. ஆறுமுகம் பிப்ரவரியில் விலகிவிட்டார். ஏப்ரல் 7 மறுபடி ஓட்டு, 15 பேர் போட்டி. எனக்கு வேட்பாளர்கள் நினைவில்லை, பாட்டிதான் நினைவு. மோட்டாரில் கொண்டுபோய் இறக்கினேன். உள்ளே போனவர் வரவே இல்லை. ஒருவழியாக வந்து, சேலைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன்டா, போன வருஷம் போட்ட ஓட்டு அதுக்குள்ள ஊசிப்போச்சா?" சிரித்து மழுப்பிவிட்டேன். நடுவில் விட்டால் மேலே போகலாமா என்ற பேச்சு வந்தாலே அந்தக் கண்ணாடிதான் கண்ணில் நிற்கிறது.

சிலியாவ் மலர்
அண்ணே, பாட்டி கேட்டது நியாயம். எங்கள் பக்கம் வேறு மாதிரி. 2018 மே மாதம் ஜெயித்த டேன்யல் பாலகோபால் செப்டம்பரிலேயே போர்ட்டிக்சன் எம்பி தொகுதியை அன்வாருக்காக விட்டுக்கொடுத்தார். எங்கள் ஒட்டுக்கடை எதிரே கம்பத்தில் மே மாதத்துப் பதாகை அப்படியே இருந்தது. அதன்மேல் புதியதைக் கட்ட ஒரு பையன் வந்தான். "ஏணி ஆடுதுக்கா, பிடிங்க" என்றான். பிடித்தேன். கட்டி முடித்ததும் அண்ணாந்து பார்க்கிறேன், புது முகத்துக்கு மேலே பழைய முகத்தின் நெற்றி மட்டும் எட்டிப் பார்க்கிறது. அன்வார் 23,560 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2022இல் எங்களையும் விட்டுத் தம்புனில் நின்று பிரதமரும் ஆனார். ஏறியவர் ஏறிவிட்டார், சரி. அந்த நெற்றிக்காரருக்கு என்ன மிச்சம்?

பழைய மண்டோர்
தங்கச்சி சொல்வது பாதிதான் சரி. விட்டவர் எல்லாரும் அம்போவென்று போய்விடவில்லை. அன்வாரின் மனைவி வான் அஸிஸா 2008 ஜூலையில் பெர்மாத்தாங் பாவ் தொகுதியை விட்டார். ராஜினாமா செய்த எம்பி 5 வருஷம் நிற்க முடியாது என்பது அன்றைய சட்டம். 2013 பொதுத்தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. 2014இல் காஜாங், 2015இல் மறுபடி பெர்மாத்தாங் பாவ், 2018இல் துணைப் பிரதமர்! அந்தத் தடையே 1990இல்தான் வந்தது. 1988இல் ஷாரிர் சமாட் என்ற எம்பி ஜொகூர் பாரு தொகுதியை விட்டுவிட்டு, அந்த இடைத்தேர்தலிலேயே சுயேச்சையாக நின்று திரும்ப ஜெயித்தார். 2022இல் கட்சித்தாவலைத் தடுக்கும் சட்டம் வந்தபோது இந்த 5 வருஷத் தடையையும் எடுத்துவிட்டார்கள்.

என் கதை சின்னது. சங்கத்தின் கிளைச் செயலாளர் பதவியைப் பாதியில் விட்டேன், அடுத்த கூட்டத்தில் எனக்கு நாற்காலி போடவில்லை.

இளைய பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். விடுவதானால் கடிதம் கொடுக்கும் முன் லயம் லயமாக நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஒட்டுக்கடையில் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொண்டால் சனம் மன்னிக்காது. மேலிடம் ஏதாவது தருவதாகச் சொன்னால் எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள், அதிலேயே பதில் இருக்கிறது. சாலை, தண்ணீர் என்று எடுத்த வேலை ஒன்றையாவது முடித்துவிட்டுப் போங்கள். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதீர்கள், மறுவாரமே கல்யாண வீட்டில் பார்த்துவிடுவார்கள்.

சிலியாவ் மலர்
மண்டோர் அண்ணே, இங்கே யார் ராஜினாமா செய்யப் போகிறார்கள், இவ்வளவு அறிவுரை? வான் அஸிஸா விட்டது தன் கணவருக்கு. நாற்காலி வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அதையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் லா.

கோயில் கணக்கன்
ஒய்பி கதை என்னிடம் இல்லை. எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கித் தேர்ந்தெடுத்த மனிதர். நகராட்சி உறுப்பினராக்குகிறோம் என்று யாரோ ஆசை காட்டினார்கள். 1965இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தியதிலிருந்து அது நியமனம்தானே, ஓட்டு வேலை இல்லை. தவணை முடியாமலேயே ஒரு நாள் காலையில் உண்டியல் சாவியை என் தே தாரேக் கிளாஸ் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நியமனம் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

மறுவருஷத் தீமிதியன்று அன்னதான வரிசையில் தட்டோடு நின்றார். "தலைவரே, முன்னாடி வாங்க" என்று வாய்வரை வந்தது. பக்கத்தில் புதுத் தலைவர். நான் சொல்லவில்லை. சாம்பார் ஊற்றினேன். போதும் என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்தார்.