ஆங்கிலம் வழியாக ஹீப்ரு: அன்றாடச் சொற்களை எப்படிப் பிடிப்பது?

கேள்வி:
அடுத்த மாதம் இஸ்ரேலில் ஹைஃபாவில் வேலைக்குச் சேர்கிறேன். 22 எழுத்துகளும் படித்துவிட்டேன், ஆனால் ஆங்கில ஆப்பில் மனப்பாடம் செய்யும் சொற்கள் மறுநாளே மறந்துபோகின்றன. 'மி' என்றால் யார், 'ஹூ' என்றால் அவன், 'ஹி' என்றால் அவள், ஆங்கிலக் காதுக்குத் தலை சுற்றுகிறது! கடை, பஸ் அளவுக்காவது பேச என்ன வழி?

பதில் 1:
அந்த மூன்றும் சீக்கிரம் பழகிவிடும். தனித்தனிச் சொல்லாகப் படிக்காதீர்கள், வேரைப் பிடியுங்கள். ஸ-ஃப-ர என்ற மூன்று மெய்களிலிருந்தே சேஃபெர் (புத்தகம்), சிஃப்ரியா (நூலகம்), சோஃபெர் (எழுத்தாளர்), அப்புறம் ஃப சில இடங்களில் ப ஆகும் என்பதால் சிப்பூர் (கதை). ஒரு வேர் தெரிந்தால் நாலு சொல் கையில்.

பதில் 2:
வேரெல்லாம் சரி, முதல் வாரத்துக்கு 'எஃப்ஷார்' போதும். 'எஃப்ஷார் மயிம்?' என்றால் தண்ணீர் கிடைக்குமா. விலைக்கு 'கமா ஸே ஓலே?'. ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று: 'நீ' என்பதற்கு ஆணிடம் 'அத்தா', பெண்ணிடம் 'அத்', வினைச்சொல்லும் கூடவே மாறும், இதை முதல் நாளிலிருந்தே பழகுங்கள். உங்கள் உச்சரிப்பைக் கேட்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், அப்போது 'ரக் இவ்ரித், பெவகஷா' (ஹீப்ரு மட்டும், தயவுசெய்து) என்று கேளுங்கள், சந்தோஷமாகப் பேசுவார்கள். போனதும் உல்பான் (ஹீப்ரு கற்றுத்தரும்) வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

பதில் 3:
தமிழருக்கு மறக்கவே மறக்காத சொல் ஒன்று: 'துக்கி', இன்றைய ஹீப்ருவில் கிளி. பைபிளில் சாலமோனுக்குக் கப்பலில் வந்த 'துக்கியிம்' மயில்கள் என்றும், அது நம் 'தோகை'தான் என்றும் அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.