நட்சத்திரம் பார்த்து ஐஎம்யூவை அலைன் செய்தால் ஹெட்டிங் ஏன் இவ்வளவு ஆடுகிறது?

மாடிவானம்:
வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக ஒரு சின்ன மெம்ஸ் ஐஎம்யூவை (சுழற்சியை அளக்கும் ஜைரோவும் முடுக்கத்தை அளக்கும் ஆக்சலரோமீட்டரும் உள்ள சில்லு) நட்சத்திர உதவியோடு அலைன் செய்து, அதாவது அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கண்டுபிடித்துப் பார்க்கிறேன். வீடு திருச்சி, மொட்டை மாடியில் டிரைபாட், அதன் மேல் ஐஎம்யூ, அதோடு இறுக்கிப் பூட்டிய ஒரு ஃபைண்டர் ஸ்கோப். நட்சத்திரம் குறுக்குக் கம்பியில் வரும்போது பட்டனை அழுத்தினால் ஜிபிஎஸ் நேரம் பதிவாகும். கீழ்த்திசை எது என்பதை ஆக்சலரோமீட்டர் சொல்கிறது, நட்சத்திரம் எங்கே இருக்க வேண்டும் என்பது கேட்டலாக்கும் நேரமும் வைத்துத் தெரியும், இரண்டு வெக்டர், அதாவது தெரிந்த இரண்டு திசைகள், போதும் என்பதால் முழு அலைன்மென்ட்டும் கிடைத்துவிட வேண்டும்.

மே கடைசி, இரவு பத்து மணி வாக்கில் சுவாதி நல்ல உயரத்தில் பளிச்சென்று இருப்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். சரிபார்க்க, உடனே ஸ்கோப்பை இறக்கி மலைக்கோட்டை உச்சி விளக்கைப் பார்க்கிறேன். அதன் திசை மேப்பிலிருந்து கணக்கிட்டு வைத்தது. ஒரே முறை ஆன் செய்து திரும்பத் திரும்ப எடுத்தால் விடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கியே வருகின்றன. ஆனால் அணைத்து ஆன் செய்தால் ஹெட்டிங் (வடக்கிலிருந்து அளக்கும் திசைக்கோணம்) மொத்தமாக இரண்டு டிகிரி வரை நகர்ந்துவிடுகிறது. ஜைரோவைத்தான் சந்தேகப்படுகிறேன். சரியா?

கால்மன்_பாதை:
ஜைரோ இல்லை. நீங்கள் சுவாதியைப் பார்த்துவிட்டு மலைக்கோட்டைக்குத் திரும்ப அரை நிமிடம் ஆகுமா? மணிக்கு 10 டிகிரி பயாஸ் (அளவீட்டோடு கூடவே வரும் நிலையான பிழை) உள்ள மெம்ஸ் ஜைரோவே அந்த நேரத்தில் 0.1 டிகிரிகூட நகராது.

சுவாதியின் டெக்லினேஷன் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே உள்ள கோணம்) சுமார் +19 டிகிரி, திருச்சியின் அட்சம் 10.8. அதாவது அது வானத்தில் தன் உச்சியைக் கடக்கும்போது உங்கள் தலைக்கு நேர் மேலிருந்து எட்டு டிகிரிதான் விலகி இருக்கும். தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைக் காட்டி அது வடக்கா தெற்கா என்று கேட்பது போன்ற நிலை. நட்சத்திரம் ஒரு திசையைத்தான் தருகிறது, அந்தப் பார்வைக்கோட்டைச் சுற்றி உங்கள் பெட்டி எவ்வளவு சுழன்றிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்தச் சுழற்சியைச் சொல்ல வேண்டியது இரண்டாவது வெக்டர், அதாவது புவியீர்ப்பு. ஆனால் சுவாதி உச்சியில் இருக்கும்போது இரண்டு வெக்டரும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் கிடக்கின்றன, ஒன்று மேலே, மற்றது கீழே. எண்ணிக்கையில் இரண்டு வெக்டர், தகவலில் ஒன்றரைகூட இல்லை.

கணக்கு இதோ. ஆக்சலரோமீட்டரில் 5 மில்லி-ஜி (புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) பயாஸ் என்றால் லெவலில் 0.29 டிகிரி பிழை. அது ஹெட்டிங்குக்குப் போகும்போது நட்சத்திர உயரத்தின் டேன்ஜென்ட்டால் பெருகும். உயரம் 82 டிகிரி, டேன்ஜென்ட் 7. விடை இரண்டு டிகிரி. ஆன் செய்யும்போதெல்லாம் மாறுவது ஆக்சலரோமீட்டர் பயாஸ்தான், அது ஹெட்டிங் வேஷம் போட்டு வருகிறது.

பழைய_தியோடலைட்:
மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சர்வே வேலையில் அஸ்ட்ரானமிக்கல் அஜிமுத் (நட்சத்திரத்தை வைத்து வடக்கிலிருந்து அளக்கும் திசைக்கோணம்) எடுப்பவர்களுக்கு இது முதல் பாடம்: பார்வைக்கோட்டுக்குக் குறுக்கே உள்ள லெவல் பிழையை உயரத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கித் திருத்தம் போட வேண்டும், அதனால் உயரமான நட்சத்திரத்தின் பக்கமே போக மாட்டோம்.

தம்பி, நேரப் பிழையையும் பாருங்கள். உச்சிக்கு அருகே சுவாதியின் அஜிமுத் மணிக்கு நூறு டிகிரி அளவுக்கு ஓடுகிறது. பட்டன் அழுத்த ஒரு செகண்ட் தாமதமானால் ஒன்றரை ஆர்க் மினிட்டுக்கு மேல் போய்விடும். துருவ நட்சத்திரத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அது நகர்வதே தெரியாது. ஆனால் அதைச் சரியான வடக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. துருவத்திலிருந்து அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல் விலகித்தான் சுற்றுகிறது, நேரத்தை வைத்துக் கணக்கிட்டே பயன்படுத்த வேண்டும். திருச்சியில் அதன் உயரம் பத்து, பதினொன்று டிகிரிதான், ஊர் வெளிச்சத்திலும் தூசியிலும் ஃபைண்டரில் பிடிப்பது கஷ்டம்.

அதே பத்து மணிக்கு வடகிழக்கே பாருங்கள், அபிஜித் 26 டிகிரி உயரத்தில் இருக்கும். மேற்கே மகம் 29 டிகிரியில் இறங்கிக்கொண்டிருக்கும். அபிஜித்துக்கு டேன்ஜென்ட் 0.5. உங்கள் இரண்டு டிகிரி 0.14 ஆகிவிடும். அந்த உயரத்தில் காற்று மண்டலம் நட்சத்திரத்தை இரண்டு ஆர்க் மினிட் தூக்கிக் காட்டும், ஆனால் அது உயரத்தை மட்டும்தான் தொடும், அஜிமுத்தைத் தொடாது. அப்புறம், ஆன் செய்தவுடன் பெட்டியை ஆறு முகங்களிலும் கிடத்தி ஆக்சலரோமீட்டர் பயாஸை எடுத்துக்கொண்டு, அணைக்காமல் அப்படியே அளக்கத் தொடங்குங்கள்.

மாடிவானம்:
ரொம்ப நன்றி ஐயா. அபிஜித்தை வைத்து எடுத்துப் பார்த்தேன், அணைத்து ஆன் செய்தாலும் இப்போது கால் டிகிரிக்குள் நிற்கிறது. இன்னொரு சந்தேகம். பெரிய ஐஎன்எஸ்கள் (விமானம், கப்பலில் உள்ள வழிகாட்டிக் கருவிகள்) நட்சத்திரமே இல்லாமல் தரையில் தாமாகவே வடக்கைக் கண்டுபிடிக்கின்றனவே, அதை நான் செய்ய முடியாதா? விண்கலத்தில் புவியீர்ப்பை அளக்க முடியாதே, அங்கே இரண்டாவது வெக்டருக்கு என்ன செய்கிறார்கள்?

கால்மன்_பாதை:
முதல் கேள்விக்கு: முடியாது. ஜைரோகம்பாஸிங் என்பது பூமி சுழலும் 15.04 டிகிரி/மணியை ஜைரோவால் உணர்ந்து வடக்கைப் பிடிப்பது. 0.01 டிகிரி/மணி ஜைரோ என்றால் உங்கள் அட்சத்தில் இரண்டு ஆர்க் மினிட் அளவுக்குத்தான் பிழை. உங்களுடையது 10 டிகிரி/மணி என்றால் அளக்க வேண்டியதற்கும் பிழைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை, வடக்கு நாற்பது டிகிரி வரை தப்பும்.

பி52_வாசகன்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், எனக்கு இது மிகவும் பிடித்த இடம். அங்கே இரண்டாவது வெக்டர் இன்னொரு நட்சத்திரம். அப்போலோவில் இதற்கென்றே பி52 என்ற ப்ரோகிராம் இருந்தது. கம்ப்யூட்டரில் 37 நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆக்டல் (எட்டின் அடிப்படையிலான) எண்ணில் ஒரு குறியீடு; உங்கள் சுவாதி அதில் 31, சித்திரை 26. வீரர் செக்ஸ்டன்ட்டில் (கோணம் அளக்கும் தொலைநோக்கி) ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து பட்டனை அழுத்துவார், பிறகு இன்னொன்று. உடனே கம்ப்யூட்டர் அந்த இரண்டுக்கும் இடையே அளந்த கோணத்தையும் கேட்டலாக் கோணத்தையும் கழித்து வித்தியாசத்தைத் திரையில் காட்டும். ஐந்து பூஜ்யம் வந்தால் மிகச் சரி. நட்சத்திரத்தை மாற்றிப் பிடித்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அந்தச் சோதனையை நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள், அபிஜித்தையும் மகத்தையும் அடுத்தடுத்து எடுத்து இடைக்கோணத்தை ஒப்பிடுங்கள்.

1969 நவம்பரில் அப்போலோ 12 கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கி, ஜைரோக்கள் உள்ள ப்ளாட்ஃபார்மின் அலைன்மென்ட் போயிற்று. பூமியைச் சுற்றிக்கொண்டே நட்சத்திரங்களை வைத்து மறுபடி அலைன் செய்த பிறகுதான் நிலவுக்குப் புறப்பட்டார்கள். அப்போலோ 13-இல் அதுவும் வாய்க்கவில்லை. வெடிப்பில் சிதறிய துணுக்குகள் கலத்தைச் சுற்றி மின்னிக்கொண்டே வந்ததால் எது நட்சத்திரம் என்று பிரித்தறிய முடியாமல், அலைன்மென்ட் சரியாக இருக்கிறதா என்று சூரியனை வைத்துச் சரிபார்த்தார்கள்.

இன்றைய ஸ்டார் ட்ராக்கர் (நட்சத்திரங்களைப் படமெடுத்துத் திசை கண்டுபிடிக்கும் கேமரா) ஒரே படத்தில் பல நட்சத்திரங்களைப் பிடித்துவிடும். ஆனால் எல்லாம் சில டிகிரிக்குள் நெருங்கி இருப்பதால் பார்வைக்கோட்டைச் சுற்றிய கோணம் மட்டும் பல மடங்கு மோசமாக வரும், உங்கள் சுவாதிக்கு நடந்த அதே விஷயம்தான். அதனால்தான் பல விண்கலங்களில் இரண்டு ட்ராக்கர்களை வேறு வேறு திசை பார்க்க வைக்கிறார்கள். கேமரா கிடைத்தால் ஃபைண்டருக்குப் பதில் அகலமான லென்ஸ் போட்டு ப்ளேட் சால்விங் (படத்திலுள்ள நட்சத்திரங்களைக் கேட்டலாக்கோடு பொருத்திக் கேமரா பார்க்கும் திசையைக் கண்டுபிடிப்பது) செய்து பாருங்கள். ஆக்சலரோமீட்டரைக் கேட்காமலே முழு அலைன்மென்ட்டும் வரும், அதிலிருந்து ஆக்சலரோமீட்டர் பயாஸையே திருப்பி எடுக்கலாம். கேமராவுக்கும் ஐஎம்யூவுக்கும் இடையேயான கோணத்தை மட்டும் முதலில் பல நிலைகளில் வைத்து அளந்துவிடுங்கள்.