மறு: ரோவருக்கு என்ன சொல்வது?

பாலிடெக்னிக் ஆசிரியர்:
ஆர்டிகே, அதாவது செயற்கைக்கோள் அலையை வைத்துச் சென்டிமீட்டர் துல்லியத்தில் நிலமளக்கும் முறை, அதற்கான செய்முறைக் கையேடு திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. கைபேசி விலைக்கு வரும் யூ-பிளாக்ஸ் எஃப்9பி ஜிபிஎஸ் போர்டு இரண்டை வைத்துத்தான் பாடம். ஆயத்தொலை தெரிந்த புள்ளியில் அசையாமல் நிற்கும் பேஸுக்கு ‘நிலைக்கருவி’ என்று வைத்துவிட்டேன். அது அனுப்பும் திருத்தத்தை வாங்கிக்கொண்டு வயலைச் சுற்றும் ரோவருக்குத்தான் சொல் அமையவில்லை. ‘உலாவி’ என்றால் மாணவர்கள் குரோமைத் திறக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, ‘உலவுகோல்’ எனலாமே. இரண்டு மீட்டர் கோலின் உச்சியில்தானே ஆன்டெனா? ஊன்றுகோல் போல வினைத்தொகை. சோழர் கல்வெட்டில் நிலமளந்த கோலுக்கு ‘உலகளந்தான் கோல்’ என்றே பெயர். வேலி கோலுதல், பாத்தி கோலுதல் என்கிறோம். நிலத்தை வளைத்து எல்லை காட்டுவதால்தான் அது கோல் ஆனது என்பது என் துணிபு.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் செங்கோல் எந்த வயலுக்கு வேலி போட்டது, ஐயா? கோல் என்றால் கம்பு, அவ்வளவுதான். ட்ரோனிலும் டிராக்டர் கூரையிலும் ஆர்டிகே வந்துவிட்டது. அங்கே கோலுக்கு எங்கே போவது? ‘நகர்கருவி’ போதும்.

நில அளவையர்:
களத்தில் ‘ரோவரை நேராப் பிடி, ரசமட்டத்தைப் பார்’ என்றுதான் கத்துகிறோம். நகர்கருவி என்றால் யாரும் திரும்ப மாட்டார்கள். எனக்கு அவசரமாகத் தமிழ் வேண்டியது ஃப்ளோட், ஃபிக்ஸ் இரண்டுக்கும்தான். செயற்கைக்கோள் அனுப்பும் எல்1 அலையின் நீளம் 19 செ.மீ. செயற்கைக்கோளிலிருந்து கருவிவரை எத்தனை முழு அலைகள் என்பது பிடிபட்டால் ஃபிக்ஸ், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துல்லியம். பிடிபடாதவரை ஃப்ளோட். பையன்கள் ஃப்ளோட்டிலேயே புள்ளியைப் பதிந்துவிடுகிறார்கள். வரப்பு அரை மீட்டர் பக்கத்து வயலுக்குள் போய் நிற்கிறது.

தமிழாசிரியர்:
ஊசல், உறுதி.

நில அளவையர்:
இது நன்றாயிருக்கிறது ஐயா. ‘இன்னும் ஊசல்தான், பதியாதே’ என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் வருகிறது.

மொழிபெயர்ப்பாளர்:
பேஸ் புள்ளியே ஒரு மீட்டர் தப்பென்றால் திரையில் ‘உறுதி’ என்று காட்டிக்கொண்டே எல்லா வயலும் ஒரு மீட்டர் நகரும். அதை உறுதி என்பீர்களா? ‘தீர்ந்தது’ என்று வையுங்கள்.

பாலிடெக்னிக் ஆசிரியர்:
நேரமில்லை. ஊசல், உறுதி, உலவுகோல். ட்ரோன் பாடத்தில் மட்டும் நகர்கருவி. பேஸ் புள்ளி பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கைப் பெட்டி போடுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
ஒரே கருவிக்கு இரண்டு பெயரா? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

தமிழாசிரியர்:
அச்சகத்தில் ‘உலவுக்கோல்’ என்று ஒற்றுப் போட்டுவிடப் போகிறார்கள். வினைத்தொகையில் மிகாது. மெய்ப்பை எனக்கு அனுப்பு.