அவசரம்: எச்ஓஏ ஃபைன் கட்டலைன்னா வீட்டுக்கு ஆபத்தா?

கார்த்தி_83:
வணக்கம். அமெரிக்காவுல இருக்கோம். எங்க எச்ஓஏ-ல (வீட்டுக்காரங்க சங்கம்) இருந்து ஃபைன் மேல ஃபைன் போட்டுட்டே இருக்காங்க. கடைசியா வந்த லெட்டர்ல, கட்டலைன்னா வக்கீல்கிட்ட கொடுப்போம், லியன் (வீட்டு மேல கடன் உரிமை) போடுவோம்னு இருக்கு. தப்பு எங்க மேல இல்ல, அதனால கட்டப் போறதில்ல. வீட்டையே எடுத்துக்குவாங்களா? வீட்ல பயந்து போயிருக்காங்க. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

சாரதா_அக்கா:
எந்த ஸ்டேட் தம்பி? ஒவ்வொரு ஸ்டேட்லயும் சட்டம் வேற. ஃபைன் மட்டும்தான் பாக்கியா, ட்யூஸும் (சங்கத்துக்குக் கட்டற சந்தா) பாக்கியா? எதுக்கு ஃபைன்?

மணி_பே_ஏரியா:
கலிஃபோர்னியான்னா கவலைப்படாதீங்க. வெறும் ஃபைனுக்காக லியன் போட்டு கோர்ட்டுக்குப் போகாம வீட்டை ஏலம் விட முடியாது. ட்யூஸ் பாக்கினாக்கூட 1,800 டாலராவது சேர்ந்திருக்கணும், இல்லன்னா 12 மாசத்துக்கு மேல ஆகியிருக்கணும். 2025 ஜூலையில இருந்து, உடல்நலம், பாதுகாப்பு சம்பந்தப்படாத மீறலுக்கு ஃபைன் 100 டாலரைத் தாண்டக்கூடாது.

செந்தில்நாதன்:
பிரதர், நீங்க எச்1பி வேலை விசாவுல இருக்கீங்களா? கிரீன் கார்டு வரிசையில இருந்தா பேசாம கட்டிடுங்க. பேர்ல ஒரு கறை எதுக்கு?

பழைய_டாலஸ்காரன்:
வீடு வாங்கும்போது ஒரு கட்டு பேப்பர் கொடுத்திருப்பாங்களே, அதைப் படிச்சீங்களா? நம்மாளுங்க அடுப்படி கிரானைட்டை மட்டும் தடவிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறாங்க. இதே கேள்விக்கு இங்க எத்தனையோ தடவை பதில் சொல்லியாச்சு. முதல்ல தேடிப் பாருங்க.

மணி_பே_ஏரியா:
@செந்தில்நாதன் இது சிவில் கடன் சார், போலீஸ் கேஸ் இல்ல. இருக்கிற பயம் போதும், இதையும் சேர்க்காதீங்க.

கார்த்தி_83:
ஸாரி, டெக்சஸ், டாலஸ் பக்கம். பின்பக்கம் பாகற்காய்ப் பந்தல் போட்டேன், வேலிக்கு மேல கொஞ்சம் தெரியுது. அனுமதி வாங்காத கட்டுமானம்னு சொல்றாங்க. பந்தல் விஷயம் முடியற வரைக்கும் ட்யூஸும் கட்டறதா இல்ல.

சாரதா_அக்கா:
தம்பி, உங்க வீட்டுக்கு ஆபத்து ஃபைன்ல இல்ல, அந்தக் கடைசி வரியிலதான் இருக்கு. டெக்சஸ்ல பாக்கி முழுக்க ஃபைனும் அதை வசூலிக்கிற வக்கீல் செலவும் மட்டும்னா, அதுக்காக வீட்டை ஏலம் விட முடியாது. சொத்துச் சட்டம் 209-ஆம் அத்தியாயம் அதைத் தெளிவாத் தடுக்குது. ட்யூஸ் பாக்கின்னா கதையே வேற, ஏலம் வரைக்கும் போகலாம். 2008-ல ஃபிரிஸ்கோவுல ஒரு ராணுவ அதிகாரி ஈராக்ல இருந்தப்போ, சுமார் 800 டாலர் ட்யூஸ் பாக்கிக்கு அவர் வீடு ஏலம் போச்சு. வழக்குப் போட்டுத்தான் திரும்பக் கிடைச்சுது. 2011-ல சட்டத்தைத் திருத்தி, ஏலத்துக்கு முன்னாடி கோர்ட் உத்தரவு வேணும்னு ஆக்கினாங்க. ஆனா ட்யூஸுக்கு ஏலம் விடற அதிகாரம் அப்படியேதான் இருக்கு.

அதனால ட்யூஸை இன்னைக்கே கட்டுங்க. "ஃபைன்ல கழிச்சுக்கிட்டோம்"னு சொல்லிடுவாங்களோன்னு பயம் வேண்டாம். வர்ற பணத்தை முதல்ல ட்யூஸுக்குத்தான் வைக்கணும், ஃபைன் வரிசையில ரொம்பப் பின்னாடி. பேமென்ட் பிளான்ல (தவணையில கட்டற ஏற்பாடு) இருக்கறவங்க அதைத் தவறவிட்டா மட்டும் அந்த வரிசை மாறும்.

லெட்டர் சர்டிஃபைட் மெயில்ல (பதிவுத் தபால் மாதிரி) வந்துச்சா? ஹியரிங், அதாவது சங்கத்தோட போர்டு முன்னாடி உங்க பக்கத்தைச் சொல்ற வாய்ப்பு, கேட்கலாம்னு அதுல இருக்கா? மேல என்ன தேதி?

பழைய_டாலஸ்காரன்:
ஏலம் விட முடியாதுன்னா கட்டாம இருந்துடலாம்னு நினைச்சுடாதீங்க. ஜஸ்டிஸ் கோர்ட்ல (சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட்) கேஸ் போடலாம், 20,000 டாலர் வரைக்கும் அங்கேயே விசாரிப்பாங்க. வீட்டை விக்கும்போது எச்ஓஏ கொடுக்கற சர்டிஃபிகேட்ல இந்தப் பாக்கி ஏறும். வாங்கறவங்க கேள்வி கேட்பாங்க, குளோசிங்ல (விற்பனை முடியற நேரத்துல) பிடிச்சுக்குவாங்க. அதோட, பந்தல்னா ஒரு அழகு வேணும். பிவிசி பைப்பையும் நைலான் கயிறையும் கட்டினா பக்கத்து வீட்டு விலையும்தான் இறங்கும்.

தோட்டக்காரி_ஹூஸ்டன்:
பாகற்காய்க் கொடியால வீட்டு விலை இறங்குமா? ஒரு பூச்சி இல்லாத காய் நம்ம வீட்ல காய்க்கறதுல என்ன அசிங்கம்? மழைத்தண்ணி பீப்பாய், கம்போஸ்ட் தொட்டி ரெண்டையும் எச்ஓஏ அடியோட தடை பண்ண முடியாதுன்னு டெக்சஸ்ல சட்டமே இருக்கு.

பழைய_டாலஸ்காரன்:
அந்தச் சட்டத்துல பந்தல் இல்லம்மா. பீப்பாய்கூட எங்க இருக்கணும், என்ன நிறம்னு அவங்க சொல்லலாம்.

தோட்டக்காரி_ஹூஸ்டன்:
பந்தல் இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. வேலிக்கு உள்ள, அவங்க சொந்த மண்ணுல ஒரு கொடி ஏறக்கூடாதான்னு கேட்கறேன். விதை வேணும்னா சொல்லுங்க கார்த்தி, மிதி பாகல் அனுப்பறேன். கொடி உயரமாப் போகாது.

செந்தில்நாதன்:
மிதி பாகல் விதை எனக்கும் கிடைக்குமா மேடம்?

சாரதா_அக்கா:
விதையை வேற இழையில பேசிக்கலாமே. கார்த்தி, தேதி என்ன?

கார்த்தி_83:
சர்டிஃபைட் மெயில்தான். அனுப்பி மூணு வாரம் ஆகுது. ஹியரிங்னு ஒரு பத்தி இருக்கு.

சாரதா_அக்கா:
அப்போ நேரம் இருக்கு, ஆனா கொஞ்சம்தான். அவங்க மெயில் பண்ணின தேதியில இருந்து 30 நாளுக்குள்ள ஹியரிங் வேணும்னு எழுத்துல கேட்கணும். உங்க கைக்கு வந்த தேதி கணக்கில்ல. நாளைக்கே சர்டிஃபைட் மெயில்ல அனுப்புங்க, ரசீதை வெச்சுக்கோங்க. கேட்டா 30 நாளுக்குள்ள போர்டு ஹியரிங் வைக்கணும். அவங்க காட்டப்போற போட்டோ, கடிதம் எல்லாத்தையும் 10 நாள் முன்னாடியே உங்களுக்குத் தரணும். ஹியரிங் முடியறதுக்குள்ள இந்த விஷயத்துக்காக ஆகிற வக்கீல் செலவை உங்க தலையில கட்ட முடியாது. இதைத் தவறவிட்டவங்கதான் சின்ன ஃபைனுக்குப் பெரிய வக்கீல் பில் கட்டறாங்க.

எதெதுக்கு எவ்வளவு ஃபைன்னு எழுதின பட்டியல் இருக்கான்னும் கேளுங்க. 2024-ல இருந்து ஃபைன் போடற எச்ஓஏ-க்கு அது கட்டாயம். பந்தல் உயரத்தை வேலிக்குக் கீழ இறக்கி, அனுமதி விண்ணப்பத்தையும் கையோட கொடுத்துடுங்க. போர்டுல இருக்கறவங்களும் அதே தெருக்காரங்கதான், நேர்ல பேசினா பல தடவை ஃபைனைத் தள்ளுபடி பண்ணிடுவாங்க.

கார்த்தி_83:
ட்யூஸ் கட்டியாச்சு. ஹியரிங் லெட்டரும் போயாச்சு. நன்றி அக்கா.

வினோத்_அட்லாண்டா:
எனக்கும் இதே பிரச்சனைதான், டிரைவ்வேயில வேன் நிறுத்தினதுக்கு. இதே 30 நாள் கணக்குதானா?

சாரதா_அக்கா:
அது ஜார்ஜியா தம்பி, இந்தக் கணக்கு அங்க செல்லாது. தனி இழை போடுங்க. லெட்டர் தேதி, ட்யூஸ் நிலவரம் ரெண்டையும் முதல் வரியிலேயே எழுதுங்க.